கூடைப்பந்தா, நாடகமா? நாடகத்தின் பக்கம் நின்று

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் நியூஜெர்சித் தமிழ் மக்களே, வணக்கம். "ஹைஸ்கூல் வருடத்தில் நம் பிள்ளைகளை அதிகம் வளர்ப்பது கூடைப்பந்தா, நாடகமா?" என்பது தலைப்பு. நான் நாடகத்துக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டானைக் கொண்டுவந்து நிறுத்தினார். வட கரோலினாவில் லேனி ஹைஸ்கூலில் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஸ்கூலின் முதல் அணியான வார்சிட்டியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை, அந்த ஏமாற்றம்தான் அவரை ஆளாக்கியது என்றார். பலத்த கைத்தட்டல். சரி, நடந்தது உண்மைதான். ஆனால் மீதிக் கதையையும் சொல்ல வேண்டாமா? ஜோர்டானை இரண்டாவது அணியான ஜூனியர் வார்சிட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருடம் அவர் ஆடினார், ஆடித்தான் வளர்ந்தார்.

என் கவலையெல்லாம் அந்த இரண்டாவது அணியிலும் பெயர் வராத பிள்ளையைப் பற்றித்தான். ஆயிரம் பேர் படிக்கும் ஸ்கூலில் ஓர் அணிக்கு எத்தனை பேர்? பன்னிரண்டு, பதினைந்து. களத்தில் ஐந்து பேர், மற்றவர்கள் பெஞ்சில். உயரம் போதாத, வேகம் போதாத பிள்ளைக்கு, ஆள் தேர்வு நடக்கும் ட்ரை அவுட் வாரத்தோடு கூடைப்பந்து முடிந்துபோகிறது. ஆசை மட்டும் முடிவதில்லை.

நாடகத்திலும் கதாநாயகன் ஒருவன்தானே என்று எதிரணி அக்கா கேட்டார். ஒருவன்தான் அக்கா. ஆனால் ஒரு மியூசிக்கல், அதாவது பாட்டும் ஆட்டமும் உள்ள நாடகம், மேடை ஏற எத்தனை கைகள் வேண்டும்! செட்டுக்கு ஆணி அடிக்க, பெயின்ட் பூச, உடை தைக்க, மைக் மாட்டிவிட, திரை இழுக்க என்று, வருகிற பிள்ளைக்கெல்லாம் அங்கே வேலை இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மாடிக்குப் போய்விடுவான். அவன்தான் போன வருடம் ஸ்டேஜ் மேனேஜர். கறுப்புச் சட்டை, தலையில் ஹெட்செட். எதிரே விரித்துவைத்த ஸ்கிரிப்டின் ஓரமெல்லாம் பென்சில் குறிகள். இருட்டில் நடிகர்கள் தடுமாறாமல் இருக்கத் தரையில் ஒளிரும் டேப் துண்டுகளை அளந்து ஒட்டியவனும் அவன்தான். "லைட்ஸ் 42, ஸ்டாண்ட்பை" என்பான்; 42-ஆவது விளக்கு மாற்றத்துக்குத் தயாராகு என்று அர்த்தம். விளக்குப் பலகையில் இருக்கும் பெண் "ஸ்டாண்ட்பை" என்பாள். அவன் "கோ" என்றதும் மேடையில் இரவு வரும். அவன் சொல்லாமல் ஒரு விளக்குகூட மாறாது.

கவனியுங்கள் நடுவர் அவர்களே, அந்த நேரத்தில் நாடகம் சொல்லிக்கொடுத்த டீச்சர் எங்கே? பார்வையாளர்களோடு உட்கார்ந்திருக்கிறார். திரை விலகியபின் எல்லாப் பொறுப்பும் பிள்ளைகள் கையில். கூடைப்பந்தில் 32 நிமிட ஆட்டம் முழுவதும் கோச் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார். போதாததற்கு ஐந்து டைம் அவுட். மேடையில் ஏது டைம் அவுட்? எதிரே நிற்பவன் வசனத்தை மறந்தால், அவன் மறந்தது சபைக்குத் தெரியாமல் இவன் எடுத்துக் கொடுத்துக் காட்சியை நகர்த்த வேண்டும். டீம் ஸ்பிரிட் பற்றி நிறையப் பேசினீர்களே, இதைவிடவா?

கூடைப்பந்து இந்த மண்ணில் பிறந்த ஆட்டம், அதனால் பிள்ளைகள் இங்கே ஒட்டிக்கொள்ள அதுதான் வழி என்றும் சொன்னார்கள். 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளை மாட்டித்தான் தொடங்கினார், மறுக்கவில்லை. அதே 1891 ஜூலையில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18. இங்கே நம் பிள்ளைகள் ஹைஸ்கூல் முடிக்கும் வயது! படித்தவர்கள் மேடை ஏறுவதைக் கேவலமாகப் பார்த்த காலம் அது. அவர் நாடகங்களை எழுதினார், நடித்தார், வக்கீலாகவும் இருந்தார், பிறகு நீதிபதியும் ஆனார். நாடகம் படிப்பைக் கெடுக்கும் என்று பயப்படும் பெற்றோருக்கு இதைவிட நல்ல ஆளை நான் எங்கே தேடுவேன்?

தீர்ப்பை நடுவரிடம் விடுகிறேன். சபையில் இருக்கும் பெற்றோரிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். வசந்தகால மியூசிக்கலுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று பிள்ளை படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். செட் அடிக்கும் சனிக்கிழமை சுத்தியலோடு நீங்களும் போய் நில்லுங்கள். நன்றி, வணக்கம்.