பஸ் நிலையத்து வாங்கில் படுத்திருப்பவரின் பெயர் என்ன?

[காட்சி: இரவு பத்து மணி. மட்டக்களப்பு பஸ் நிலையம். வாங்கில் ஒருவர் துவாயால் முகத்தை மூடிப் படுத்திருக்கிறார். கமரா தூரத்திலேயே நிற்கட்டும், முகம் தெரியக் கூடாது.]

இந்த வாங்கில் படுத்திருப்பவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிளேன்டீக் கடைக்காரருக்கு அவரைத் தெரியும். ஓட்டோத் தரிப்பிடத்துப் பெடியன்களுக்குத் தெரியும். விடியக் கூட்ட வருகிற அக்காவுக்கும் தெரியும். பெயர் என்ன என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று பட்டப்பெயர் சொல்வார்கள்.

நம்முடைய ஊரில் ஒருவர்கூடத் தெருவில் படுக்காத நிலையைக் கொண்டுவர முடியுமா? முடியும் என்றால் யார் யார் கூடியிருந்து எதைத் திட்டமிட வேண்டும்? இந்தக் கேள்வி வந்ததும் முதலில் வருகிற யோசனை, ‘ஒரு மண்டபம் கட்டுவோம், ஐம்பது கட்டில் போடுவோம்’ என்பதுதான். அடிக்கல், பெயர்ப்பலகை, நாடா வெட்டு எல்லாம் அதில் இருக்கிறது. இந்த வீடியோ அந்த மண்டபத்துக்கு எதிரான வீடியோ.

[காட்சி: வரைபட அனிமேஷன். ஒரு வளவு. முன்னால் கல்வீடு, பின்னால் தகரக் கொட்டில்.]

நம்முடைய பகுதியில் ஆட்கள் வீட்டை இழக்கிற வழி கொழும்பைப் போன்றது இல்லை. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரோ முஸ்லிமோ, வீடு பெண்ணுக்குத்தான். சீதனமாக எழுதுவார்கள், மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் குடியிருப்பார். தாய் தகப்பன் தாங்கள் இருந்த வீட்டையே மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னுக்குச் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு போவார்கள். அடுத்தவளுக்கு அடுத்த வீடு. கடைசி மகளின் கல்யாணம் முடியும்போது அவர்களிடம் மிஞ்சுவது குசினிக்குப் பக்கத்தில் ஒரு பாய் போடும் இடம்.

கல்யாணமான பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு கூரை இருப்பது பெரிய பாதுகாப்பு. இந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் யார் வெளியே விழுகிறார்கள் என்று பாருங்கள். மனைவியோடு பிரிந்த ஆணுக்குப் போக இடமில்லை, தாய் வீடும் தங்கச்சிக்குப் போய்விட்டது. மருமகனோடு ஒத்துவராத கிழவிக்கும் இடமில்லை. குடியால் வெளியே போனவர், கடலுக்குப் போய்க் கைகால் முடியாமல் வந்தவர், நுண்கடனுக்குப் பயந்து ஊரை விட்டவர் எல்லாரும் இந்த வரிசைதான்.

சுனாமி இதை இன்னொரு பக்கத்தால் குழப்பியது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கட்டிய வீடுகள் பலவற்றின் உறுதியை ‘குடும்பத் தலைவர்’ என்று கணவனின் பெயரில் எழுதினார்கள். அலை கொண்டுபோனது அவளுடைய சீதன வளவு. பதிலுக்கு வந்த வீடு அவனுடைய பெயரில். குடும்பம் பிரிந்தபோது பாயைச் சுருட்டியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

[காட்சி: ஒரு வட்டம் சுழல்கிறது. முகவரி, அடையாள அட்டை, உதவிப்பணம், வாடகை அறை, மறுபடி முகவரி.]

ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். ஐம்பத்தெட்டு வயது, ஒரு காலத்தில் மேசன் வேலை. அவரிடம் ‘ஐயா, ஐசி, அதாவது அடையாள அட்டை இல்லையா?’ என்று கேட்டால் இப்படித்தான் பதில் வரும்: ‘தம்பி, விலாசம் இருந்தாத்தானே விதானையார், நம்மட கிராம சேவகர், கடிதம் தருவார். கடிதம் இருந்தாத்தானே ஐசி. ஐசி இருந்தாத்தானே ஒருத்தன் என்னை நம்பி அறை தருவான். அறை இருந்தாத்தானே விலாசம். நான் எந்தப் பக்கத்தால ஏறுற?’

2023இல் அரசின் உதவிப்பணத் திட்டமான அஸ்வெசும வந்தபோது விண்ணப்பமே வீட்டை வைத்துத்தான் அமைந்தது. வீட்டுக்குச் சுவர் என்ன, கூரை என்ன, மின்சாரம் எவ்வளவு என்று கேட்டார்கள். வீடே இல்லாதவர் இந்தக் கேள்விகளுக்கு எதை எழுதுவார்?

பிரதேச செயலகத்தில் ‘வீடற்றோர் பட்டியல்’ என்று கேட்டால் ஒரு கோப்பை எடுத்துத் தருவார்கள். பெரும்பாலும் அது காணி இருந்து வீடு இல்லாதவர்களின் பட்டியல், வீடமைப்பு உதவிக்கு விண்ணப்பித்தவர்கள். வாங்கில் படுத்திருப்பவருக்குக் காணியும் இல்லை, விண்ணப்பமும் இல்லை.

சட்டப் புத்தகத்தில் மட்டும் அவர் இருக்கிறார். 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வழக்கில் ‘வேக்ரன்ட்ஸ் ஓடினன்ஸ்’. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது. வேலையற்று அலைபவரையும் பிச்சை எடுப்பவரையும் குற்றவாளியாகப் பார்க்கிற சட்டம் அது. ஆகவே கணக்கெடுக்கப் போகும் குழுவில் பொலிஸ் உடை ஒன்றுகூட இருக்கக் கூடாது. உடையைக் கண்டால் வாங்கு காலியாகிவிடும், உங்கள் கணக்கும் பொய்யாகிவிடும்.

[காட்சி: ஒரு கொப்பி, ஒரு பேனை. ஒவ்வொரு வரியாக எழுதப்படுகிறது.]

சரி, திட்டத்துக்கு வருவோம். முதல் வேலை பெயர்ப் பட்டியல். எண்ணிக்கை எடுத்தோம் என்று முடித்துவிடாதீர்கள். பெயர், வயது, எங்கே படுக்கிறார், எவ்வளவு காலமாக, என்ன நோய், எந்த ஆவணம் இல்லை, யாரோடு பேசினால் கேட்பார், எங்கே போய் இருக்க விருப்பம். அமெரிக்க, கனடா நகரங்கள் பல இதை வைத்துத்தான் வேலை செய்கின்றன. கனடாவில் மெடிசின் ஹாட் என்ற நகரம், நீண்டகாலமாகத் தெருவில் இருந்தவர்களுக்கெல்லாம் வீடு கொடுத்து முடித்ததாக 2021இல் அறிவித்தது. அங்கே கூடியவர்கள் ‘வீடற்றோர் பிரச்சினை’ என்று பொதுவாகப் பேசிக் கலையவில்லை. பட்டியலில் இருந்த ஒவ்வொருவரையும் எடுத்துப் பேசினார்கள்.

எப்போது கணக்கெடுப்பது என்பதில் நம்முடைய ஊருக்கென்று ஒரு பொறி இருக்கிறது. கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி எடுக்காதீர்கள். பாதயாத்திரைக்காரர் திருக்கோவிலிலும் பொத்துவிலிலும் உகந்தையிலும் கோயில் வீதியில் படுத்திருப்பார்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்திலும் அதே கதை. அவர்களுக்கு வீடு இருக்கிறது, வேண்டுதலும் இருக்கிறது. நோன்பு மாதத்தில் ஸகாத்தை, அதாவது முஸ்லிம்களின் கட்டாய தர்மத்தை எதிர்பார்த்து வெளியூர் ஆட்கள் காத்தான்குடிக்கு வருவார்கள். மாரி மழையில் எல்லாரும் எங்கேயாவது ஒதுங்கிவிடுவார்கள். நோன்பு அதில் விழாத ஆண்டென்றால் பங்குனி, சித்திரை நல்லது. இரவு பத்துக்குப் போங்கள், விடிய ஐந்துக்கு மறுபடி போங்கள். தகரக் கொட்டிலுக்குப் பின்னால் இருக்கிற கிழவியை இரவில் தேடிப் பிடிக்க முடியாது. அவவைப் பற்றிச் சொல்ல குடும்ப நல உத்தியோகத்தர்தான் சரியான ஆள், வீடு வீடாகப் போகிறவர் அவர்.

[காட்சி: ஹெல்சிங்கி. பனி. பழைய தங்குமிடக் கட்டடம்.]

இப்போது மண்டபம் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று பார்ப்போம். பின்லாந்தில் 1987இல் வீடற்றவர்கள் 18,000 பேருக்கு மேல். 2008இல் அந்த நாடு தேசியத் திட்டமாக ‘முதலில் வீடு’ என்ற முறைக்கு மாறியது. குடியை விடு, மருந்தை ஒழுங்காகக் குடி, பிறகு வீடு தருகிறோம் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கட்டில் வரிசை போட்ட தங்குமிடங்களைத் தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றினார்கள். குடிபோகிறவர் தன் பெயரில் வாடகை ஒப்பந்தம் எழுதினார். உதவி வேண்டுமென்றால் ஆள் வரும். 2023இல் எண்ணிக்கை 3,500க்குக் கீழே வந்தது. 2024இல் மறுபடி கொஞ்சம் ஏறியது, அரசு வாடகை உதவியை வெட்டிய பிறகு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த எண்ணத்தின் ஊற்று நியூயோர்க். 1992இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் அங்கே தொடங்கினார். பாயைத் தினமும் சுருட்டி ஒளித்து வைக்க வேண்டியவனிடம் ‘மருந்தை நேரத்துக்குக் குடி’ என்று சொல்லி என்ன பயன்? மருந்துப் பையை எங்கே வைப்பான்?

‘பனி நாட்டுக் கதை நமக்கெதற்கு’ என்பவர்களுக்குக் கிட்டடியில் ஒன்று. சென்னையில் 1993இல் தொடங்கிய தி பேனியன் அமைப்பு, மனநோயோடு தெருவில் அலைந்த பெண்களுக்காக வேலை செய்கிறது. பல காலம் தங்கள் நிலையத்திலேயே இருந்த பெண்கள் நாலைந்து பேரை ஒன்றுசேர்த்து, ஊருக்குள் சாதாரண வாடகை வீட்டில் குடிவைத்தார்கள். அடுத்த வீடு ஒரு குடும்பம், எதிர் வீடு ஒரு கடை. தாங்களே மீன் வாங்கி, தாங்களே சமைத்து, தாங்களே சண்டை பிடித்து. உதவிக்கு ஒருவர் கூட இருப்பார். மண்டபத்தில் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது: கதவைத் தானே பூட்டிக்கொள்ளலாம்.

நமக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். புளியந்தீவில், கல்லடியில், கல்முனையில் பிள்ளைகள் வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடக்கிற வீடுகள் எத்தனை? அதில் ஒன்றிரண்டை மாத வாடகைக்கு எடுத்தால் தொடங்கலாம். சொந்தக்காரருக்குப் பயம் இருக்கும். வாடகையும் திருத்த வேலையும் தங்கள் பொறுப்பு என்று ஒரு கோயில் பரிபாலன சபையோ பள்ளிவாசல் நிர்வாகமோ கையெழுத்து வைத்தால் பயம் பாதி குறையும். ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தில் ஏழையும் இருக்கிறார், கடனாளியும் இருக்கிறார், வழிப்போக்கரும் இருக்கிறார். அன்னதானம் கொடுக்கிறவர்கள் ஒரு நாள் சோற்றுச் செலவை ஒரு மாத வாடகையாகக் கொடுத்தால் சாமி கோபிக்காது.

[காட்சி: கல்லடியிலிருந்து ஆரையம்பதி வரை ஒரே றோட்டு. அதன்மேல் மூன்று நிறக் கோடுகள்.]

இந்த றோட்டைப் பாருங்கள். கொஞ்சத் தூரம்தான். ஆனால் கல்லடி மண்முனை வடக்கு, அடுத்தது காத்தான்குடி, அதற்கடுத்தது மண்முனைப் பற்று. மூன்று பிரதேச செயலகங்கள். தமிழரும் முஸ்லிமும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று மேடையில் சொல்வோம். வாங்கில் படுப்பவரைப் பற்றிக் கேட்டால் ‘அவர் எங்கட பிரிவு இல்லையே’ என்போம். பகலில் ஒரு பிரிவில் சாப்பிடுகிறார், இரவில் இன்னொன்றில் படுக்கிறார், பிறந்தது மூன்றாவதில். ஆகவே பட்டியல் பிரிவுக்கு ஒன்றாக இருக்கக் கூடாது. மாவட்டச் செயலகத்தில் ஒரே பட்டியல், அதற்கு ஒரே பொறுப்பாளர். பதினைந்து நாளுக்கொரு தடவை சமூக சேவை, போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவு, மாநகர சபை, சிறைச்சாலை நலன்புரி, கோயில், பள்ளிவாசல், சேர்ச் எல்லாரும் ஒரு மேசையில். பட்டியல் பலரின் கைக்குப் போவதால், நோய் விபரத்தை அவரவர் சம்மதத்தோடு மட்டும் எழுதுங்கள்.

அந்த மேசையில் கேட்க வேண்டியது உன்னிச்சைக் குளத்து நீர்ப்பாசனக்காரர் கேட்கிற கேள்விதான்: உள்ளே எவ்வளவு வருகிறது, வெளியே எவ்வளவு போகிறது? இந்த மாதம் எத்தனை பேர் புதிதாகத் தெருவுக்கு வந்தார்கள், எத்தனை பேர் வீட்டுக்குள் போனார்கள்? வருகிறவரைவிடப் போகிறவர் கூடினால்தான் மட்டம் இறங்கும். வருகிற வாய்க்கால்கள் தெரிந்தவைதான். ஆஸ்பத்திரி வோர்ட்டிலிருந்து ‘துண்டு வெட்டி’ வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர், சிறையிலிருந்து வருகிறவர், சிறுவர் இல்லத்தில் பதினெட்டு முடிந்த பிள்ளை. துண்டு வெட்டுவதற்கு முதல் ‘எங்கே போகிறீர்கள்?’ என்று கேட்டு, பதில் இல்லாவிட்டால் பட்டியல் பொறுப்பாளருக்கு ஒரு போன் கோல். இதற்குக் கட்டடம் தேவையில்லை.

[காட்சி: பற்றை மூடிய வீடுகள், கோட்டோவியம்.]

அக்கரைப்பற்று நுரைச்சோலையை அம்பாறைக்காரர் மறக்க மாட்டார்கள். சவூதி அரேபிய நிதியில் சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 500 வீடுகள் கட்டினார்கள். யாருக்கு எப்படிப் பங்கிடுவது என்ற சண்டை உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. வீடு இருந்தது, பணம் இருந்தது, தேவையும் இருந்தது. எல்லாரும் ஒத்துக்கொண்ட பட்டியல் மட்டும் இல்லை.

[காட்சி: மறுபடி பஸ் நிலையம், விடிய ஐந்து மணி. பிளேன்டீக் கடையில் லைட் எரிகிறது.]

முதல் கூட்டத்துக்கு மண்டபம், மைக், பொன்னாடை ஒன்றும் வேண்டாம். ஒரு கொப்பி கொண்டுவாருங்கள். கடைக்காரரையும் ஓட்டோப் பெடியனையும் கூட்டுகிற அக்காவையும் அதிகாரிகளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்துங்கள். அந்த மூன்று பட்டப்பெயரும் ஒரே ஆளுடையதுதானா என்று பார்த்து, விடிய வாங்கில் எழும்புகிறவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, அவருடைய சொந்தப் பெயரை முதல் வரியில் எழுதுங்கள்.