தாத்தா வரைஞ்ச தேக்கா

வணக்கம் வணக்கம். ஃபேன் சத்தம் கேட்டா மன்னிச்சுக்குங்க, இன்னிக்கு வெக்கை தாங்கல, அணைக்க முடியாது.

சரி, இத முதல்ல காட்டிடுறேன். நாள்காட்டித் தாளோட பின்பக்கம். இதுல எங்க தாத்தா நீல பேனாவால வரைஞ்சது அறுபதுகள்ல சிங்கப்பூர்ல அவரு தங்கியிருந்த தேக்கா, அதான் லிட்டில் இந்தியா பக்கம். டன்லப் ஸ்ட்ரீட், கிளைவ் ஸ்ட்ரீட், கேம்பல் லேன், எந்த அஞ்சடியில (கடைக்கு முன்னாடி இருக்குற கூரை போட்ட நடைபாதை) யாரு கடை போட்டிருந்தாங்க, எல்லாம் இருக்கு. இத கம்ப்யூட்டர்ல நிஜ மேப் மேல உட்கார வைக்கணும்னு ஒரு ஆசை. ஒரு வார இறுதி போதும்னு நினைச்சேன். மூணு வாரம் ஆச்சு.

முதல்ல போன்ல படம் எடுத்தேன். அது வேஸ்ட். தாள் மடிப்புல தூக்கிக்கிட்டு நிக்குது, ஓரமெல்லாம் வளையுது. அப்புறம் ஸ்கேனர்ல ரெண்டு பாதியா 300 டிபிஐ-ல எடுத்து ஒட்டினேன். அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல.

விஷயம் இனிமேதான். கியூஜிஐஎஸ்னு ஒரு இலவச மென்பொருள், அதுல ஜியோரெஃபரன்சர்னு ஒரு கருவி. தாத்தா தாள்ல ஒரு இடத்த கிளிக் பண்ணணும், அதே இடத்த இன்னிக்கு இருக்குற மேப்புலயும் கிளிக் பண்ணணும். இத கன்ட்ரோல் பாயிண்ட்டும்பாங்க. அப்ப எந்த இடம் நகராம அப்படியே இருக்குன்னு தெரியணும்ல? வீரமாகாளியம்மன் கோயில், பெருமாள் கோயில், டன்லப் ஸ்ட்ரீட்ல அப்துல் கஃபூர் பள்ளிவாசல், இதெல்லாம் எடுத்துக்கிட்டேன். கூடவே தெருச் சந்திப்புங்க. கட்டடத்த விட சந்திப்பு நல்லது, எந்த மூலைய கிளிக் பண்றதுன்னு குழப்பமே வராது.

தாத்தா சிராங்கூன் ரோட்ட நேரா மேல பாத்து கோடு இழுத்துட்டாரு. நிஜத்துல அது வடகிழக்கா போகுது. அது பிரச்சினையே இல்ல, மென்பொருள் திருப்பிக்கும். பிரச்சினை அளவு. அவரு தங்கின வீட்டச் சுத்தி ஒவ்வொரு தூணும் இருக்கு, பெருமாள் கோயில் பக்கம் போகப் போக எல்லாம் சுருங்கிடுது. நடந்த கால் வரைஞ்ச மேப் இல்லையா!

இந்த மாதிரி கையால வரைஞ்சதுக்கு தின் பிளேட் ஸ்ப்ளைன்ங்கிற பொருத்துற முறைதான் சரின்னு எங்கயோ கேட்டு, அதையே போட்டேன். ரப்பர் ஷீட்ட ஆணி அடிச்சு இழுக்குற மாதிரி, நாம வச்ச புள்ளி ஒவ்வொண்ணையும் அது அப்படியே பிடிச்சுக்கும். போட்டுப் பாத்தா, இங்க ஸ்க்ரீன்ல பாருங்க, மார்க்கெட்டுகிட்ட சிராங்கூன் ரோடு பாம்பு மாதிரி நெளியுது. ஆனா பிழைன்னு எதுவும் காட்டல. அதான் இதுல ஆபத்து. தப்பான புள்ளி வச்சாலும் முழுங்கிட்டு, சுத்தி இருக்குற தெருவ வளைச்சிடும்.

அதனால பாலினாமியல் 1-ங்கிற இன்னொரு முறைக்கு மாத்தினேன். அது மொத்தத் தாளையும் சேத்துத்தான் திருப்பும், நீட்டும், சாய்க்கும். தனியா ஒரு மூலைய வளைக்காது. மூணு புள்ளி இருந்தாலே ஓடும், நான் பதினொண்ணு வச்சேன். உடனே ஒரு புள்ளியோட விலகல் (நான் வச்ச இடத்துக்கும் கணக்குல வர்ற இடத்துக்கும் உள்ள தூரம்) மட்டும் எகிறிப் போய் நின்னுச்சு. எதுன்னு பாத்தா, தேக்கா மார்க்கெட்.

சரி, தாத்தாவுக்கு ஞாபகம் தப்பிடுச்சுன்னு நினைச்சேன். பக்கத்து ரூம்லதான் இருந்தாரு. "தாத்தா, மார்க்கெட்ட ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டுட்டீங்களே"ன்னேன்.

"பாப்பா, நீ சொல்றது புது மார்க்கெட்டு"ன்னாரு.

எனக்கு முகத்த எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. 1915-ல கட்டின பழைய மார்க்கெட்ட 1982-ல இடிச்சுட்டு, எதிர்ப்பக்கம் இப்ப இருக்குற கட்டடத்துக்கு மாத்தியிருக்காங்க. பழசு இருந்த இடத்துலதான் இப்ப தேக்கா பிளேஸ் மால். நாம அங்க எத்தன தடவ பபிள் டீ வாங்கியிருப்போம்! பேரு மட்டும் ரோட்டத் தாண்டிப் போயிடுச்சு, நான் பேர நம்பி கிளிக் பண்ணியிருக்கேன். புள்ளிய மால் மேல நகர்த்தினேன், விலகல் அடங்குச்சு. அப்புறம்தான் மறுபடியும் ஸ்ப்ளைன் போட்டேன். ரோடு நெளியல.

அதுக்கப்புறம் கைவேலைதான். கடைன்னா புள்ளி, சந்துன்னா கோடு, கட்டடம்னா பாலிகன், அதாவது மூடின வடிவம். ஒவ்வொண்ணுக்கும் பேரு, எந்த வருஷத்துல இருந்து எதுவரைன்னு ரெண்டு கட்டம். நான் எஸ்விஒய்21-ல வேலை செஞ்சேன், அது சிங்கப்பூருக்குன்னே உள்ள ஆயமுறை, எல்லாம் மீட்டர்ல வரும். ஜியோஜேசன்ங்கிற மேப் ஃபைலா வெளிய எடுக்கும்போது, உலகம் முழுக்கப் பயன்படுற டபிள்யூஜிஎஸ்84 ஆயமுறைக்கு மாத்திடுங்க. அதுல முதல்ல தீர்க்கரேகை 103, அப்புறம்தான் அட்சரேகை 1. மாத்திப் போட்டுட்டு தேக்காவத் தேடாதீங்க. நான் தேடினேன்.

இன்னொண்ணு, யாரு வேணா திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புல இத ஏத்தாதீங்க. அது இன்னிக்கு தரையில இருக்குறதுக்கு. இல்லாமப் போனதுக்குன்னு ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் தனியா இருக்கு, அங்க ஆரம்பத் தேதி, முடிஞ்ச தேதி போட இடம் உண்டு. தமிழ்ப் பேருக்கும் இடம் இருக்கு. கம்போங் கபோர் பக்கத்த தாத்தா 'சுண்ணாம்புக் கம்பம்'னு எழுதியிருக்காரு. மலாய்ல 'கபோர்'னாலும் சுண்ணாம்புதான். அந்தப் பேரத்தான் போடப் போறேன்.

ஆங், கடைசியா இது. கிளைவ் ஸ்ட்ரீட் மூலையில ஒரு வட்டம், நடுவுல கறுப்பா. கிணறுன்னு முடிவு பண்ணி, அதுக்குன்னு தனி லேயரே போட்டேன். தாத்தாகிட்ட பெருமையா காட்டினேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு உத்துப் பாத்தாரு.

"இது கோப்பி சொட்டு, பாப்பா."

டிலீட் பண்ணிட்டேன்.