மராமத்துப் பார்த்த படகு

நடுவர் ஐயாவுக்கும் தங்கச்சிமடத்துப் பெருமக்களுக்கும் வணக்கம். சமூக ஊடகத்திலிருந்து எடுக்கும் விடுப்பு இளையோரின் மனநலத்துக்கு நன்மையே என்பது எங்கள் கட்சி.

61 நாள் கட்டிக்கிடந்த விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் எப்படிப் பாய்கிறதோ, அப்படித்தான் விடுப்பு முடிந்த பிள்ளையும் இன்ஸ்டாகிராமில் பாய்வான் என்று எதிரணித் தலைவர் கேலி செய்தார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும்தான் தட்டினேன். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அந்தப் படகு சும்மாவா கிடந்தது? மராமத்துப் பார்த்து, வண்ணம் பூசிய படகல்லவா பாய்கிறது! சமூக ஊடகத்தைத் திறக்காவிட்டால் புயல் செய்தி எப்படி வரும் என்றும் அவர் கேட்டார். பாம்பனில் கூண்டு ஏற்றுவதை அவர் பார்த்ததில்லை போலும். போகட்டும், வானிலைச் செய்தி வரும் வாட்ஸ்அப் குழுவை நாட்டுப்படகாக வைத்துக்கொள்ளுங்கள். தடைக்காலம் அதற்குப் பொருந்தாது.

அடியோடு விடச் சொல்லவும் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு செயலிக்கும் நாளொன்றுக்கு 10 நிமிடம் என மூன்று வாரம் குறைத்துக்கொண்டவர்களிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்திருந்தன.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் ஒரு வாரம் இன்ஸ்டாகிராமைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தான். முதல் நாளே பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து எல்லோர் முகத்தையும் பார்க்கிறானே என்று பயந்துபோன அப்பத்தா, ஓரியூர் அருளானந்தர் தேவாலயத்துக்கு நேர்ந்துகொண்டார். பக்கத்து வீட்டு அக்கா காதல் தோல்வியா என்று காதோடு கேட்டார். "போனை எந்தக் கடையில்டா அடகு வச்ச?" என்று அவன் அப்பா கேட்டார். போனை எடுத்துக் காட்டியும் அவர் நம்பவில்லை. ரசீதைக் காட்டு என்றாராம்! அப்பத்தாவோ, நேர்ந்துகொண்டது போதாதென்று நெற்றியில் திருநீறும் பூசிவிட்டார். எந்தச் சாமி கைகொடுக்கும் என்று யார் கண்டார்?

நான்காம் நாள், பாறையில் கடற்பாசி எடுத்துவிட்டு வந்த அம்மா, விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்ப்பதை அவன் பார்த்தான். விரலெல்லாம் வெட்டுக்காயம். "எப்ப இருந்தும்மா இப்படி?" என்றான். "நீ ஏழாப்பு படிக்கிறப்ப இருந்துப்பா" என்றார். அவன் இப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான்.

நடுவர் ஐயா, படகையும் ஆய்வையும் ஓரமாக வைத்துவிடுங்கள். அத்தனை வருடம் கழித்துத் தன் கையைப் பிள்ளை பார்த்துவிட்டான் என்று அன்றிரவு பாசிக்காரப் பெண்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுத அந்தத் தாயைக் கேட்டுவிட்டு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.