மேடுபள்ளம் இல்லாத ஓடு

நேயர்களுக்கு வணக்கம். மதுரையிலிருந்து தேனிப் பக்கம் பைக்கில் போகிறவர்களுக்கு ஆண்டிபட்டிக் கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஹெல்மெட்டோடு சேர்த்துத் தலையைத் திருப்பப் பார்க்கும் காற்று அது. அந்தச் சாலையில் நான் நம்பி அணிவது ஜப்பானின் அராய் ஹெல்மெட்.

அராய் குடும்பத்தின் பழைய தொழில் தொப்பி செய்வது. ஹிரோடாகே அராய் மோட்டார் சைக்கிள் பிரியர். 1950களில் அவர் ஹெல்மெட் செய்யத் தொடங்கினார். நிறுவனம் இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்ப்பவர்கள், "இதற்கா இவ்வளவு விலை?" என்று கேட்பார்கள். முட்டை ஓடு மாதிரி மொழுமொழுவென்று இருக்கும். வெட்டு, விளிம்பு, கொம்பு எதுவும் கிடையாது. என்னைப் பொறுத்தவரை, கொடுத்த காசு அந்த உருண்டைக்குத்தான். ஓட்டின் வளைவு எங்கும் 75 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையக் கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் விதி. காரணம் இருக்கிறது. வண்டியிலிருந்து விழுபவரின் தலை ஒரே இடத்தில் மோதி நின்றுவிடுவதில்லை; தார்ச்சாலையில் இழுபட்டுப் போகிறது. வழியில் நடுத்திட்டின் கல்லில் ஹெல்மெட்டின் விளிம்பு மாட்டினால் கழுத்து திருகிக்கொள்ளும். வழுவழுப்பான ஓடு மாட்டாமல் வழுக்கி விலகும். காற்றுத் துளைகளின் மேல்மூடிகள்கூட அடிபட்டால் கழன்று விழும்படி செய்யப்பட்டவை.

உள்ளே, மோதலின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் தெர்மாகோல் ஒரே துண்டு. ஆனால் இடத்துக்கு இடம் அடர்த்தி மாறும். வெயிலுக்காக உள்ளே இறக்கிக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடி அராயில் கிடையாது; அதற்கு இடம் கொடுத்தால் ஓட்டின் வடிவத்தையும் தெர்மாகோலின் தடிமனையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். சாயங்காலம் மேற்கே உசிலம்பட்டியை நோக்கிப் போகும்போது சூரியன் நேராகக் கண்ணில் குத்துவது உண்மை. அதற்குத் தனியாகக் குளிர்கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். தெர்மாகோலைக் குறைக்க எனக்குச் சம்மதமில்லை.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். சித்திரை வெயிலில் காளவாசல் சிக்னலில் நின்றால் வியர்த்துக் கொட்டும். வண்டி ஓடினால்தான் உள்ளே காற்று வரும்.

இதை வாங்கும் பணத்தில் ஒரு பழைய ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். எல்லோராலும் முடியாது. 2021 ஜூன் 1 முதல் நம் நாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்கக் கூடாது என்பது சட்டம். முத்திரையுள்ளவற்றில், முகம் முழுவதும் மூடும், மேடுபள்ளம் குறைந்த ஒன்றைப் பாருங்கள். அணிந்து, வாரை மாட்டி, இரு கைகளாலும் பிடித்து அசையுங்கள். ஹெல்மெட்டோடு கன்னத்துத் தோலும் நகர வேண்டும். பின்னாலிருந்து தூக்கி முன்பக்கமாகத் தள்ளினால் கழன்று வரக் கூடாது. கடையிலேயே பத்து நிமிடம் போட்டுக்கொண்டு நில்லுங்கள். நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் வலித்தால், எந்தக் கம்பெனியானாலும் அதை வைத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.