பரதேசியின் ஆல்பம்

எல்லோருக்கும் வணக்கம். இருபது வருடம் கல்யாணப் படம் எடுத்தவனைக் கூப்பிட்டுப் புகைப்பட நூல் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னால் என்ன பேசுவான்? ஆல்பத்தைப் பற்றித்தான் பேசுவான். கல்யாண ஆல்பத்துக்கு ஒரு இலக்கணம் உண்டு. முதலில் பிள்ளையார், அப்புறம் மாப்பிள்ளை அழைப்பு, தாலி கட்டு, பந்தி. யார் யாருக்கு என்ன முறை என்பதுதான் அதில் விஷயமே. ஒரு அத்தை விட்டுப்போனால் போதும், பாக்கிப் பணம் வராது.

இன்று நான் கொண்டுவந்திருக்கும் ஆல்பத்தில் யாருக்கும் யாரும் உறவில்லை. செக் புகைப்படக்காரர் யோசெஃப் கௌடெல்காவின் 'எக்சைல்ஸ்'. 1988-இல் பாரீசில் வந்தது. பதிப்பித்தவர் ரொபேர் தெல்பீர். படங்களுக்கு விளக்கம் கிடையாது. நாடு, ஆண்டு, அவ்வளவுதான்.

கௌடெல்கா 1938-இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் மொராவியாவில் பிறந்தவர். படித்தது விமானப் பொறியியல். வேலை பார்த்துக்கொண்டே ஸ்லோவாக்கியாவில் ரோமாக்களின், அதாவது ஜிப்சிகள் என்று சொல்வோமே அவர்களின், குடியிருப்புகளுக்குப் போய்ப் படம் எடுத்தார். 1967-இல் வேலையை விட்டார். 1968 ஆகஸ்டில் ருமேனியாவில் ரோமாக்களைப் படமெடுத்துவிட்டு பிராக் திரும்புகிறார். மறுநாளே நாட்டை ஆக்கிரமிக்க சோவியத் டாங்குகள் நகருக்குள் வந்துவிட்டன.

அந்த நாட்களில் எடுத்த ஒரு படம் இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. கீழ்விளிம்பில் ஒரு கை, மணிக்கட்டில் கடிகாரம். அதற்குப் பின்னால் வென்செஸ்லாஸ் சதுக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வெறிச்சோடிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் அங்கே ஒரு ஆர்ப்பாட்டம் நடக்க இருந்தது. கூட்டம் கூடினால் அதையே சாக்காக வைத்துச் சுடுவார்கள் என்று பேச்சுப் பரவ, மக்கள் வராமல் இருந்துவிட்டார்கள். வராததற்குச் சாட்சி அந்தக் கடிகாரம். முகூர்த்தம் தவறவில்லை என்று காட்ட, தாலி கட்டும்போது சுவர்க் கடிகாரமும் படத்தில் விழவேண்டும் என்று என்னிடம் அடம்பிடித்த ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். அவருக்கு நடந்ததற்குச் சாட்சி வேண்டியிருந்தது. இங்கே நடக்காததற்கு.

படங்கள் ரகசியமாக நாட்டைவிட்டு வெளியே போய், 'மேக்னம்' என்ற புகைப்படக்காரர்களின் கூட்டு நிறுவனம் வழியாக ஓராண்டு கழித்து 1969-இல் அச்சாயின. பெயர் போட்டால் குடும்பத்துக்கு ஆபத்து. அதனால் 'பி.பி.' என்று போட்டார்கள், பிராக் புகைப்படக்காரர் என்று அர்த்தம். துணிச்சலான செய்திப் படங்களுக்குத் தரும் ராபர்ட் கேப்பா தங்கப் பதக்கம்கூடப் பெயர் தெரியாத ஒரு செக்கோஸ்லோவாக்கியருக்கே போயிற்று. அப்பா இறந்த பிறகு, 1984-இல்தான், 'எடுத்தது நான்' என்று அவரால் வெளியே சொல்ல முடிந்தது.

அதற்குள் ஊரும் போயிருந்தது. 1970-இல் குறுகிய கால அனுமதியில் வெளியே போனவர் திரும்பவில்லை. இங்கிலாந்து அடைக்கலம் கொடுத்தது. பயணத் தாளில் குடியுரிமை என்ற இடத்தில், 'சந்தேகத்துக்குரியது' என்று எழுதியிருந்தது. ஊர் பேர் தெரியாதவன் என்று நாம் சும்மா திட்டுவோம். இவரை அரசாங்கமே கையெழுத்துப் போட்டு அப்படி ஆக்கிவிட்டது.

சரி, புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'நாடு கடத்தப்பட்டவர்கள்' என்றால் யாரோ பிடித்துத் தள்ளியதுபோல இருக்கிறது. அவரை யாரும் தள்ளவில்லை. 'புலம்பெயர்ந்தவர்கள்' என்றால் போன இடத்தில் ஒரு குடித்தனம் கண்ணில் தெரிகிறது. எனக்குப் பொருத்தமாகப் படுவது 'பரதேசி'. இன்று அது வசவு. ஆனால் அயல்தேசத்தான் என்ற பழைய பொருளும், கையில் ஒன்றுமில்லாமல் கிடைத்த இடத்தில் படுக்கிறவன் என்ற இன்றைய பொருளும் இவருக்கு ஒரே நேரத்தில் பொருந்துகின்றன.

ஆண்டுக்கணக்காக அவர் வாழ்ந்த விதமே அதுதான். கோடை முழுக்க ரோமா கூட்டங்கள், கிராமத் திருவிழாக்கள், யாத்திரைகள் என்று ஸ்பெயின், அயர்லாந்து, இத்தாலி பக்கம் சுற்றுவார். தூங்க ஒரு தூக்கப்பை. குளிர்காலத்தில் திரும்பிவந்து பிலிம் கழுவிப் பிரதி போடுவார். பத்திரிகைகளுக்காகப் படம் எடுத்துத் தரும் வேலையை ஒத்துக்கொள்வதில்லை. சம்பளம் வந்தால் வாடகை வீடு வரும், வீடு வந்தால் அதைக் காக்க மறுபடி சம்பளம் வேண்டும். இந்தச் சுழற்சி எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர் சாப்பிட்ட இடத்தைக்கூடப் படத்தில் பார்க்கலாம். பிரான்ஸ், 1976. தரையில் விரித்த செய்தித்தாள், அதன்மேல் ஒருவேளைச் சாப்பாடு. நாம் இலை போடுவதுபோல அவர் பேப்பர் விரித்திருக்கிறார். எதிரே உட்கார ஆள் கிடையாது.

அயர்லாந்து, 1972. குரோ பாட்ரிக் மலைமேல் மூன்று ஆண்கள் மண்டியிட்டு, ஊன்றுகோலைப் பிடித்தபடி இருக்கிறார்கள். பின்னால் கீழே கடல். மலையேறி வந்த களைப்பும் பக்தியும் ஒரே முகத்தில். பழனிக்கு நடந்து போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மூவருக்கும் வந்த காரியம் தெரியும், திரும்பிப் போக வீடும் இருக்கும். இரண்டும் இல்லாதவர் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார்.

இந்தப் படங்களை எல்லாம் சோகம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊர் பழகிவிட்டால் கண் மந்தமாகிவிடும். எங்கள் தெருவைப் படமெடுக்கச் சொன்னால் எனக்கு இன்றுவரை ஒன்றும் தோன்றாது. பழகிவிடக் கூடாது என்பதற்காகவே இவர் இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இந்தச் சுதந்திரத்துக்குப் பின்னால் மேக்னம் இருந்தது, பெரிய பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸோன் மாதிரி நண்பர் இருந்தார், எல்லை தாண்ட ஒரு தாள் இருந்தது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து நம் ஊர் முகாம்களில் இருப்பவர்களுக்கு, அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்கள் பிள்ளைகளுக்கு, நாடில்லை என்பது நகரமுடியாமல் இருப்பது. 2021-இல் முகாமின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். கௌடெல்காவைப் பார்த்து 'ஆஹா, என்ன வாழ்க்கை' என்று சொல்ல வரும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம் வந்து வாயடைத்துவிடும்.

1987-இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அதே ஆண்டு எடுத்ததுதான் அந்தக் கறுப்பு நாய். பாரீசுக்குப் பக்கத்தில் சோ பூங்கா, எங்கும் பனி. அதில் நாய் மை கொட்டியதுபோல நிற்கிறது. நாய் என்று தெரிந்தாலும் ஒரு நொடி ஓநாயோ என்று தோன்றுகிறது. கழுத்தில் பட்டை இருக்கிறதா என்று நான் பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன்.

1990-இல் ஊருக்குப் போக வழி திறந்தது. இருபது வருடம் கழித்துப் போகிறவர் வேறு என்ன, வீட்டையும் தெருவையும்தானே எடுப்பார் என்று நினைப்போம். இவர் வடக்கு பொஹீமியாவில் நிலக்கரிச் சுரங்கங்கள் தோண்டிப்போட்ட நிலத்தை நீள நீளமான படங்களாக எடுத்தார். அவற்றில் ஆட்களே இல்லை.

டீ வந்துவிட்டது. புத்தகம் இந்த வரிசையிலிருந்து சுற்றிவரட்டும். படத்தில் விரல் வைக்காமல் ஓரத்தைப் பிடித்துப் புரட்டுங்கள், இரவல் வாங்கி வந்த புத்தகம். நாய்க்குக் கழுத்துப்பட்டை தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.