வெளியே விசில் ஊத யாருமில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘கோல்கீப்பருக்குப் பெரிய சோதனை ஆடுகளத்துக்கு உள்ளேயா, வெளியேயா?’ என்ற தலைப்பில், ‘உள்ளேதான்’ என்று அடித்துப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார் எதிரணி நண்பர். சாட்சிக்கு அவர் அழைத்தது அமெரிக்க மகளிர் கால்பந்து அணியின் கோல்கீப்பர் பிரியானா ஸ்கர்ரியை. நல்லதாகப் போயிற்று. அதே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறேன்.

1999 உலகக் கோப்பை இறுதியாட்டம். பாசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கில் 90,185 பேர். கூடுதல் நேரம் முடிந்தும் அமெரிக்காவுக்கும் கோல் இல்லை, சீனாவுக்கும் இல்லை. வெற்றியைத் தீர்மானிக்கும் பெனால்டி உதைகளில் சீனாவின் மூன்றாவது உதைக்கு வருகிறார் லியு யிங். ஸ்கர்ரி இடப்பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிடுகிறார். 5-4 என்று கோப்பை அமெரிக்காவுக்கு. நண்பர் இதைச் சொன்னபோது எல்லாரும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன்.

ஆனால் இரண்டு விஷயங்களைச் சாமர்த்தியமாக விட்டுவிட்டார். லியு யிங்கின் கால் பந்தில் படுமுன்பே ஸ்கர்ரி கோல் கோட்டிலிருந்து முன்னே வந்துவிட்டார். அன்றைய விதிப்படி அது தப்பு. ரெஃப்ரி விசில் ஊதவில்லை. இன்னொன்று, அதே ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் ஸ்கர்ரியைத் தாண்டிப் போன பந்தைக் கோல் கோட்டில் நின்று தலையால் முட்டி வெளியேற்றியவர் சக வீராங்கனை கிறிஸ்டின் லில்லி. உள்ளே அப்படித்தான், நடுவர் அவர்களே. கோல்கீப்பர் விட்டதைப் பிடிக்கவும் ஒருத்தி இருப்பாள்.

‘2007 அரையிறுதியில் பிரேசிலிடம் 4-0 என்று தோற்றாரே, அது உள்ளே வந்த சோதனை இல்லையா?’ என்றார் நண்பர். சரி. அணியின் இன்னொரு கோல்கீப்பர் ஹோப் சோலோ நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோது அவரை உட்காரவைத்து ஸ்கர்ரியை இறக்கியது பயிற்சியாளர். அந்த முடிவு களத்துக்கு வெளியே எடுத்தது. அப்புறம் அதைப் பற்றி எழுந்த சண்டையும் வெளியேதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2010 ஏப்ரல், ஒரு கிளப் ஆட்டம். தாழ்வாக வந்த பந்தைப் பிடிக்கக் குனிந்தார் ஸ்கர்ரி. ஓடிவந்த எதிரணி வீராங்கனையின் முழங்கால் தலையின் பக்கவாட்டில் மோதியது. பார்வை மங்கியது. அத்தோடு ஆட்ட வாழ்க்கை முடிந்தது. ‘அடி உள்ளேதானே பட்டது?’ என்று எதிரணி கேட்கும். படட்டும். மோதியது ஒரு நொடி. ஓயாத தலைவலி, மறதி, சோர்வு, உயிரையே விட்டுவிடலாமா என்ற எண்ணம், சிகிச்சைச் செலவுக்குக் காப்பீட்டு நிறுவனத்தோடு இழுபறி, இதெல்லாம் வருடக் கணக்கில் நடந்தது. 2013-ல்தான் தலையின் பின்பக்க நரம்புக்கு அறுவை சிகிச்சை.

இடையில் கையில் காசில்லை. 1996 அட்லாண்டா தங்கம் ஒன்று, 2004 ஏதென்ஸ் தங்கம் ஒன்று. இரண்டையும் அடகு வைத்தார். தாலியை அடகு வைத்த கதை நம் ஊரில் நிறைய உண்டு. ஒலிம்பிக் தங்கத்தை எடுத்துக்கொண்டு அடகுக்கடை ஏறியவரின் கதையை நான் இதற்கு முன் கேட்டதில்லை. வெளிச்சமும் கூட்டமும் இருந்தவரைக்கும் ‘வீராங்கனை’. அந்தக் கவுண்டரில் அவர் ஒரு சீட்டு எண், அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் மேரி இயர்ப்ஸையும் கொஞ்சம் பாருங்கள். 2023 உலகக் கோப்பை இறுதியில் பெனால்டியைத் தடுத்தார், சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை விருதும் வாங்கினார். ஆனால் அவர் போட்ட சட்டையின் நகல் ரசிகர்களுக்குக் கடையில் கிடைக்கவில்லை. மற்ற வீராங்கனைகளின் சட்டை கிடைத்தது. பெரிய எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் விற்பனைக்கு வந்தது. பந்தைத் தடுத்த கைக்கு இந்தத் தடையைத் தட்டிவிடத்தான் நேரம் பிடித்தது.

ஸ்கர்ரி மீண்டார். பதக்கங்களும் திரும்ப வந்தன. 2014-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் போய்த் தலைக்காயம் பற்றிச் சாட்சி சொன்னார். 2017-ல் அந்நாட்டின் கால்பந்துப் புகழ் மண்டபத்துக்குத் தேர்வானார், அந்த இடத்தை எட்டிய முதல் பெண் கோல்கீப்பராக. அதற்குள் களத்தில் கையுறை மாட்டி வருடங்கள் ஓடிவிட்டன. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் 1999-ஐ விட்டுவிட்டு, அந்த 2010-க்கும் 2013-க்கும் நடுவில் இருந்த ஸ்கர்ரியைப் பற்றிக் கொஞ்சம் பேசட்டும், கேட்கிறேன். நன்றி, வணக்கம்.