கீசருக்குள் படியும் சுண்ணாம்பு

நேயர்களுக்கு வணக்கம்.

கோயம்புத்தூர்ப் பக்கம் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. குடிக்க, சமைக்க சிறுவாணியோ பில்லூரோ. குளிக்க, துவைக்க போர் உப்புத் தண்ணீர். மாடித் தொட்டியிலிருந்து கீசருக்கு இறங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

சில வருடம் இந்தத் தண்ணீரில் ஓடிய கீசரைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்கும் காயிலை வெளியே இழுத்துப் பாருங்கள். காயில் இருப்பதே தெரியாது. வெள்ளையும் பழுப்புமாக ஓடு கட்டியிருக்கும். கீசர் தொட்டியின் அடியிலிருந்து சில்லு சில்லாகக் கொட்டும். உப்பு பிடித்துவிட்டது என்கிறோம், ஆனால் அது சமையல் உப்பு இல்லை, சுண்ணாம்பு. நிலத்தடி நீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருப்பது, சூடு பட்டதும் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு, கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் ஒட்டும். அதாவது காயில் மேலேயே. ஓடு தடிக்கத் தடிக்கச் சூடு தண்ணீருக்குப் போகாது; காயில் உள்ளுக்குள்ளேயே வெந்து, உறை வெடித்து, ஒருநாள் சுவிட்சைப் போட்டதும் டிரிப் ஆகும்.

அதனால் முதல் வைத்தியத்துக்குக் காசே வேண்டாம். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் கடைசிவரை திருகி வைத்துவிட்டு, வாளியில் பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கிற வீடுகள்தான் அதிகம். கலக்கத்தான் போகிறோம் என்றால் எதற்கு அந்தக் கொதிப்பு? 55 டிகிரி அளவில் வையுங்கள். படிவு குறையும், கரண்டும் மிச்சம். அதற்காக 45க்கு இறக்கிவிடவும் கூடாது. வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், அது நுரையீரலைத் தாக்கும்.

அடுத்து சாஃப்ட்னர், தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி. விற்க வருபவர் டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் முக்கிப் பயமுறுத்துவார். அந்த எண் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்வது. கீசரைக் கெடுப்பது கால்சியமும் மெக்னீசியமும். நீங்கள் கேட்க வேண்டியது கடினத்தன்மை, அதாவது இந்த இரண்டின் அளவு, எவ்வளவு என்று. இந்தியக் குடிநீர்த் தரத்தில் அதற்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை. ரெசின் என்ற பிசின் மணிகள் நிரப்பிய சாஃப்ட்னர் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது, அதனால் டிடிஎஸ் குறையாது. ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் அவ்வப்போது உப்புக் கொட்டி அந்த ரெசினை மீளவைக்காமல் விட்டால் வெறும் பீப்பாய்தான். சுண்ணாம்பைத் தடுக்கும் என்று சொல்லிக் குழாயில் கட்டும் காந்தத்துக்கு நான் பணம் செலவழிக்க மாட்டேன்.

பலர் பெயர்கூடக் கேள்விப்படாத ஒன்று, ஆனோடு ராடு. காயிலுக்குப் பக்கத்தில் திருகியிருக்கும் மெக்னீசியக் கம்பி. தொட்டியின் இரும்பை அரிக்கவிடாமல், தான் அரிபட்டுக் கரையும். அது தீர்ந்தால் அடுத்து தொட்டிதான். உப்புத் தண்ணீர் வீட்டில் வருடம் ஒருமுறை கீசரைத் திறக்கச் சொல்லி, கம்பி மெலிந்திருந்தால் மாற்றுங்கள். சாஃப்ட்னர் போட்ட வீட்டில் இது இன்னும் சீக்கிரம் கரையலாம்.

திறந்த அன்றே காயிலை எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், கரைசலில் ஊறவையுங்கள். நுரைத்து நுரைத்து ஓடு இளகும். சுத்தியலால் தட்டவோ, கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றவோ விடாதீர்கள். சுண்ணாம்போடு காயில் உறையும் போய்விடும்.

கடைசியாக, கீசருக்குக் கீழே சின்ன நெம்புகோலோடு இருக்கும், அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு. சுண்ணாம்பு அதையும் அடைக்கும். அது அடைபட்டு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் பழுதானால் தொட்டி வெடிக்கலாம். மாதம் ஒருமுறை, தண்ணீர் ஆறியிருக்கும்போது நெம்புகோலைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் பீச்ச வேண்டும். வரவில்லையா, பிளம்பர் வந்து மாற்றும்வரை சுவிட்சைப் போடாதீர்கள்.

வணக்கம்.